பெயர் எழுதி ஜெயித்த மேயர்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் பஃபலோ நகரின் 2021 மேயர் தேர்தலைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கட்சிக்குள் தோற்றவர், வாக்குச்சீட்டில் தன் பெயரே இல்லாமல் பொதுத்தேர்தலில் ஜெயித்தார் என்று. எப்படி என்று எனக்குப் புரியவில்லை. முறையாக ஜெயித்த பெண்ணைப் பின்வாசல் வழியாக வந்து வீழ்த்துவது அநியாயம் அல்லவா? என் மகள் அதே மாநிலத்தின் ராச்செஸ்டரில் இருக்கிறாள், குடியுரிமை வாங்கிவிட்டாள். 'மேயர் தேர்தலெல்லாம் இங்கே பெரிய விஷயமில்லை அப்பா' என்கிறாள்.

கா.

அன்புள்ள கா.,

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அது வேறோர் இடத்தில் இருக்கிறது.

பஃபலோவில் மக்கள்தொகை சுமார் 2 லட்சத்து 78 ஆயிரம். ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 2021இல் குடியரசுக் கட்சி மேயருக்கு ஆளே நிறுத்தவில்லை. ஆகவே ஜூன் 22 அன்று ஜனநாயகக் கட்சிக்குள் நடந்த பிரைமரிதான் (கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் உள்தேர்தல்) உண்மையான தேர்தல். 2006 முதல் மேயராக இருந்த பைரன் பிரவுன் அதைப் பொருட்படுத்தவே இல்லை. எதிர்த்து நின்ற இந்தியா வால்டனோடு (ஆமாம், பெயரே இந்தியாதான்) ஒரே மேடையில் விவாதிக்கவும் மறுத்துவிட்டார்.

வால்டன் செவிலியர். பதின்ம வயதிலேயே தாயானவர். ஃப்ரூட் பெல்ட் என்ற பகுதியில் நில அறக்கட்டளை ஒன்றை நடத்தியவர். அந்தப் பகுதியின் தெருப் பெயர்கள் திராட்சை, பீச், எலுமிச்சை, ஆரஞ்சு, மல்பெரி என்று போகும். ஒருகாலத்தில் ஜெர்மானியக் குடியேறிகள் பழத்தோட்டம் வைத்திருந்த இடம், பிறகு கறுப்பினத்தவரின் குடியிருப்பு. பக்கத்திலேயே மருத்துவ வளாகம் பெரிதாக எழும்ப, நில விலை ஏறியது. தங்கள் வீட்டு வாசலில் கார் நிறுத்தும் உரிமைக்கே அங்கிருந்தவர்கள் போராட வேண்டியிருந்தது. மண் அறக்கட்டளையிடம் இருக்கட்டும், வீட்டை மட்டும் வாங்குங்கள், அப்போதுதான் விலை கைக்கெட்டும் என்பது அறக்கட்டளையின் வழி. இதைச் செய்துகொண்டிருந்தவர் மேயர் பதவிக்குப் போட்டியிட வந்ததில் எனக்கு அன்று அத்தனை மகிழ்ச்சி. பிரைமரியில் சுமார் ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். நவம்பரிலும் ஜெயித்திருந்தால், 1960இல் மில்வாக்கி நகர மேயர் ஃபிராங்க் சைட்லரின் பதவிக்காலம் முடிந்த பிறகு பெரிய அமெரிக்க நகரமொன்றுக்குக் கிடைத்த முதல் சோஷலிஸ்ட் மேயர் அவராகத்தான் இருந்திருப்பார்.

பிரவுன் சும்மா இருக்கவில்லை. தனிக் கட்சிப் பெயரில் வாக்குச்சீட்டில் இடம் கேட்டு நீதிமன்றம் போனார். வேட்புமனுக் கெடு முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. முதலில் கிடைத்த சாதகமான உத்தரவு மேல்முறையீட்டில் நிற்கவில்லை. அப்புறம் மிஞ்சியது, சீட்டின் வெற்றுக் கட்டம். அச்சில் இல்லாத பெயரை வாக்காளரே எழுதிக்கொள்ளலாம் என்று சட்டம் விட்டுவைத்த இடம் அது. கையால் எழுதலாம், முத்திரையும் குத்தலாம். பிரவுனின் ஆட்கள் அவர் பெயர் பொறித்த ரப்பர் ஸ்டாம்புகளை ஊரெங்கும் விநியோகித்தார்கள். நவம்பர் 2 இரவு வந்த முடிவில் ஒருபக்கம் வால்டன் பெயர், மறுபக்கம் 'எழுதப்பட்ட பெயர்' என்று மட்டும். யார் பெயர் என்று பிறகுதான் எண்ணினார்கள். எண்ணி முடித்தபோது கிட்டத்தட்ட 60க்கு 40 என்ற கணக்கில் பிரவுன்.

இதைப் பின்வாசல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயர் அச்சில் இருக்கும் ஒருவரை விட்டுவிட்டு, பேனாவையோ ஸ்டாம்பையோ எடுத்து இன்னொருவர் பெயரைப் பதிப்பதற்கு மெனக்கெட வேண்டும். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மெனக்கெட்டார்கள். எனக்குப் பிடித்த வேட்பாளர் தோற்றார் என்பதற்காக அவர்களின் தீர்ப்பை அநியாயம் என்று நான் சொல்ல முடியாது. பிரவுன்மீது எனக்குக் குறை உண்டு. நவம்பரில் வாக்காளரிடம் காட்டிய பணிவை அவர் ஜூனிலேயே காட்டியிருக்க வேண்டும்.

என் கோபமெல்லாம் அந்த ஜூன்மீதுதான். வால்டனுக்கு அன்று விழுந்தவை 11 ஆயிரத்துக்குச் சற்று அதிகமான வாக்குகள். நவம்பரில் தோற்றபோது வாங்கியது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இரண்டு பக்கத்து ஆட்களும் ஜூனில் வீட்டில் இருந்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு நியூயார்க் மாநிலத்தில் பிரைமரி மூடிய கதவு: அந்தந்தக் கட்சியில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே வாக்கு. கட்சி சாராதவர் என்று பதிந்தவர், ஊரின் மேயர் யார் என்று முடிவாகிற நாளில் வெளியே நிற்க வேண்டியதுதான்.

சரி, உங்கள் மகளுக்கு வருகிறேன். அதே 2021 ஜூன் 22 அன்று ராச்செஸ்டரிலும் பிரைமரி நடந்தது. பதவியிலிருந்த மேயர் லவ்லி வாரனை மலிக் எவன்ஸ் தோற்கடித்தார். நவம்பர் வெறும் சடங்கு. மகள் குடியிருக்கும் தெருவில் பனி அள்ளுவதும், போலீஸ் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் மேயர் கையில் இருக்கும்போது, அது பெரிய விஷயமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? மகள் எந்தக் கட்சியிலாவது பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். கட்சி சாராதவர் என்று பதிந்திருந்தால், பிப்ரவரி 14க்குள் மாற்றிவிடச் சொல்லுங்கள். அந்தத் தேதி தாண்டினால் அந்த ஆண்டு ஜூனில் அவருக்கு வாக்கில்லை.