ராக்கெட் லாஞ்சர் சுடும்போது தோளில் உதைக்காதா? சினிமாவில் காட்டுவதுபோல அறைக்குள்ளிருந்து சுட முடியுமா?

கேட்டவர் ஏதோ சண்டைப் படம் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். கதாநாயகன் சின்ன அறையில் நின்று ஜன்னல் வழியாகச் சுடுவான், அவனுக்குப் பின்னால் சுவரை ஒட்டிக் கதாநாயகி நிற்பாள். நிஜத்தில் அங்கே முதலில் சாகப்போவது அவள்தான்.

1989-இல் காலாட்படையில் சேர்ந்து 17 வருடம் இருந்தேன். யூனிட் பெயர் வேண்டாம். அதில் நான்கு வருடம் ஆர்.எல். (ராக்கெட் லாஞ்சர்) குழுவில் நம்பர் டூ. ஆர்.எல். என்று நாங்கள் சொல்வது 84 மி.மீ. கார்ல் குஸ்தாவ். சுவீடன் நாட்டில் 1948-இல் வந்த ஆயுதம், நம் ராணுவத்தில் எழுபதுகளிலிருந்து இருக்கிறது. எடை குறைந்த மார்க் 3 வகையை நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலேயே செய்கிறார்கள். நான் சுமந்தது பழைய மார்க் 2, 14 கிலோ.

தோளில் உதைக்காது. ரைஃபிளில் பின்பக்கம் அடைப்பு, அதனால் கட்டை வந்து தோளில் இடிக்கும். இதில் பின்பக்கம் திறப்பு. ரவுண்டின் (குண்டும் மருந்தும் சேர்ந்த தோட்டா) அடித்தட்டு பிளாஸ்டிக். மருந்து எரிந்து அழுத்தம் ஏறியதும் அந்தத் தட்டு உடைந்து, வாயு வென்சுரி என்கிற புனல் வாய் வழியாகப் பின்னால் பாயும். முன்னால் போகும் குண்டுக்குப் பின்னால் போகும் வாயு ஈடு. தோள் அசையாது, ஆனால் நெஞ்சில் ஓர் அறை விழும். அது காற்றின் அழுத்தம்.

இது ராக்கெட் லாஞ்சரே இல்லை, குழாய்க்குள் புரி (சுழல் வரி) போட்ட பின்னுதைப்பில்லாத் துப்பாக்கி என்று யாராவது திருத்த வருவார்கள். எனக்கும் தெரியும். ஆனால் டாங்கிக்கான 551 ரவுண்டில் வெளியேறிய பிறகு எரிகிற சின்ன ராக்கெட் உண்டு, எங்கள் பாடத்திலும் பெயர் ராக்கெட் லாஞ்சர்தான். ராணுவ ரகசியத்தை எழுதுகிறான் என்றும் சொல்ல வேண்டாம். இதெல்லாம் தயாரிப்பாளரே அச்சடித்துக் கொடுக்கிற விவரம்.

இனி நம்பர் டூ வேலை. நம்பர் ஒன் குறிபார்த்துச் சுடுபவர். ரவுண்டை ஏற்றி, வென்சுரியைப் பூட்டி, பின்னால் திரும்பிப் பார்த்து, ஆள் இல்லை என்றால் அவர் ஹெல்மெட்டில் தட்டுபவன் நம்பர் டூ. தட்டினால்தான் அவர் சுடுவார். அவர் கண் குறிபார்க்கும் சைட்டில் இருக்கும். முதுகுப் பக்கம் முழுக்க என் பொறுப்பு.

ராஜஸ்தானில் ஒரு சுடுபயிற்சிப் போட்டி. நகரும் இலக்கு. நம்பர் ஒன் நாயக் பதவியில் இருந்தவர், திருநெல்வேலிப் பக்கம், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஏற்றினேன், பூட்டினேன், திரும்பினேன். பதினைந்து எட்டு தூரத்தில் ஒரு புதுப்பையன் தண்ணீர் ஜெரிகேனோடு மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து ஏறி வருகிறான். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது.

கத்தினேன். காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் இலக்கு நகர ஆரம்பித்துவிட்டது. அண்ணாச்சி, "தட்டுலே, என்னலே பண்ணுத?" என்கிறார். அவர் தோளை இறுக்கிப் பிடித்து, "வேண்டாம் அண்ணாச்சி, ஆள் வாரான்" என்றேன். உடனே சுட முடியாதபடி சேஃப் போட்டார். குழாயை இம்மிகூட அசைக்காமல் அப்படியே இருந்தார். நான் கையை ஆட்டி ஆட்டி, பையனுக்குப் புரிந்து ஜெரிகேனைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் இலக்கு போய்விட்டது. அந்த முறைக்கு எங்களுக்குப் பூஜ்யம்.

அடுத்த முறை சுட்டோம். புழுதி அடங்கிய பிறகு பார்த்தால், பையன் நின்ற இடத்தில் இருந்த முள்செடியில் ஓர் இலை இல்லை. ஜெரிகேன் எங்கேயோ உருண்டு கிடந்தது. அவன் அந்தச் செடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணாச்சி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அன்று இரவு மெஸ்ஸில் அவருடைய கறியை எடுத்து என் தட்டில் வைத்தார்.

இதை எழுதும்போது இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஊருக்கு வந்து இத்தனை வருடத்தில் நீ அங்கே என்ன வேலை பார்த்தாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேன்டீன் பாட்டில் கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள். கல்யாண வீட்டிலும் கேட்பார்கள், துக்க வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். நான் குடிக்கிறவன் இல்லை. என் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தக்காரர் ஒருவர் கேட்டது இன்னும் ஆறவில்லை.

சரி, அறைக்குள்ளிருந்து சுடலாமா? கூடாது. பின்னால் போகிற வாயு சுவரில் மோதிச் சுட்டவர் மேலேயே திரும்பும். காதும் நுரையீரலும் தாங்காது. மலையிலும் இதே சிக்கல்தான். 1999-இல் கார்கிலில் ஆர்.எல். பெரும்பாலும் பாறைப் பதுங்குகுழிகளை உடைக்கத்தான் பயன்பட்டது. அந்த மாதிரி இடத்தில் முதுகுக்குப் பின்னால் பாறை இல்லாத இடமாகப் பார்த்து உட்காருவதே பாதி வேலை. மூடிய இடத்திலிருந்து சுடுவதற்கென்றே வாயுவோடு உப்புநீரைப் பின்னால் தள்ளுகிற ஏடி4 வகை ஒன்று இருக்கிறது. அது வேறு ஆயுதம், அதை வைத்து என்னோடு வாதாட வேண்டாம். நாங்கள் சுட்ட ரவுண்டில் அந்த வசதி இல்லை.

அந்தப் பையன் ஹவில்தாராகி ஓய்வு பெற்றுவிட்டான். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வான். எனக்கு இடது காது மந்தம் என்று தெரியும், அதனால் எடுத்ததுமே உரக்கத்தான் பேசுவான்.