மாட்யூல் பேராமீட்டர் எந்த நேம்ஸ்பேஸுக்குச் சொந்தம்? (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,
லினக்ஸ் கெர்னலுக்கு சின்னதா ஒரு நெட்வொர்க் மாட்யூல் எழுதிட்டு இருக்கேன், அதுல டைம்அவுட் ஒரு மாட்யூல் பேராமீட்டர் (மாட்யூல லோட் பண்ணும்போது குடுக்கக்கூடிய செட்டிங்). இப்போ ரெண்டு கன்டெய்னருக்கு வேற வேற டைம்அவுட் வேணுமாம். பேராமீட்டரோட செட் கால்பேக்குக்குள்ள (மதிப்பு எழுதினா ஓடுற ஃபங்ஷன்) ‘கரண்ட்’ (இப்போ ஓடுற பிராசஸக் காட்டுற பாயின்டர்) வழியா எழுதுறவரோட நெட் நேம்ஸ்பேஸ (கன்டெய்னருக்குன்னு தனியா இருக்கிற நெட்வொர்க் சூழல்) எடுத்து அங்க மட்டும் மாத்திட்டா போதாதா? ரிவ்யூல ஒருத்தர் கூடவே கூடாதுங்கறார், ஏன்னு சொல்லல.
(பெயர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகர்)

வணக்கம்.

ரிவ்யூ பண்ணவர் சொன்னது சரிதான், ஆனா காரணம் சொல்லாம கூடாதுன்னு மட்டும் எழுதிட்டுப் போற பழக்கம் எனக்கு ஆகவே ஆகாது.

மாட்யூல் பேராமீட்டர் கெர்னல் முழுசுக்கும் ஒரே ஒரு குளோபல் வேரியபிள். சிஸ்எஃப்எஸ்ல (கெர்னல் தகவல /sys-ல ஃபைலாக் காட்டுற இடம்) நெட் டிவைஸ் லிஸ்ட் நேம்ஸ்பேஸுக்கு ஏத்த மாதிரி மாறும், மாட்யூல் டைரக்டரி மாறாது, எல்லாருக்கும் அதே ஃபைல்தான். அதான் செட் கால்பேக்குக்கும் எழுதின ஸ்ட்ரிங்கும் பேராமீட்டர் பாயின்டரும் மட்டும்தான் வருது, ஒரு நேம்ஸ்பேஸக் குறிக்கிற ஸ்ட்ரக்ட் நெட் வர்றதில்ல.

சரி கரண்ட வச்சு எடுத்துக்கிறேன்னே வைங்க, மாட்யூல் லோட் பண்ணும்போதே மதிப்பு குடுத்தா உங்க இனிட் ஃபங்ஷன் ஓடுறதுக்கு முன்னாடியே செட் கால்பேக் ஓடிரும், அப்போ பெர்நெட் (ஒவ்வொரு நேம்ஸ்பேஸுக்கும் தனித்தனி டேட்டா வைக்கிற ஏற்பாடு) பதிவே ஆகியிருக்காது, அந்த டேட்டாவ எடுத்துத் தர்ற நெட்_ஜெனரிக் கூப்பிட்டு எதைப் போயி பிடிப்பீங்க? கனெக்ஷன்களக் கண்காணிக்கிற கான்ட்ராக் மாட்யூலோட ஹாஷ்சைஸ் பேராமீட்டர் நிஜமாவே கரண்டோட நேம்ஸ்பேஸப் பாக்குது, ஆனா எதுக்குன்னா இனிட்_நெட்டா (மெஷினோட முதல் நேம்ஸ்பேஸ்) இல்லன்னா எர்ரர் குடுத்துத் திருப்பி அனுப்புறதுக்கு!

உங்களுக்கு வேண்டியது பெர்நெட்_ஆபரேஷன்ஸ். ஐடியும் சைஸும் குடுத்து ரெஜிஸ்டர்_பெர்நெட்_சப்சிஸ் கூப்பிட்டீங்கன்னா ஏற்கனவே இருக்கிற நேம்ஸ்பேஸ் எல்லாத்துக்கும், இனிமே வரப்போறதுக்கும் உங்க இனிட் ஓடும், அங்க பேராமீட்டர் மதிப்ப ஆரம்ப மதிப்பா காப்பி பண்ணிக்கோங்க, பேராமீட்டரோட வேலை அத்தோட முடிஞ்சுது. பாக்கெட் வர்ற பாதையில நெட்ஃபில்டர் ஹூக்னா (பாக்கெட்ட வழியில பிடிச்சுப் பாக்குற ஃபங்ஷன்) அதுக்கு வர்ற ஸ்டேட்ல இருக்கிற நெட்ட எடுங்க, இல்லன்னா டிவைஸ்ல இருந்து டெவ்_நெட். அங்க மட்டும் கரண்டத் தொட்றாதீங்க, சாஃப்ட்ஐஆர்க்யூல (இன்டரப்டுக்கு அப்புறம் கெர்னல் பாக்கெட் வேலைய முடிக்கிற இடம்) கரண்ட்ங்கறது அந்த நேரத்துல அந்த சிபியூல மாட்டிக்கிட்ட ஏதோ ஒரு பிராசஸ், பாக்கெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது.

கன்டெய்னருக்குள்ள இருந்து மாத்த சிஸ்கன்ட்ரோல்தான் (/proc/sys-ல ஃபைலா வர்ற கெர்னல் செட்டிங்) வழி. அதோட டேபிள ஒவ்வொரு நேம்ஸ்பேஸுக்கும் கேமெம்டூப்ல காப்பி பண்ணி, டேட்டா பாயின்டர அந்த நேம்ஸ்பேஸோட ஸ்ட்ரக்டுக்குத் திருப்பிட்டு அப்புறம் ரெஜிஸ்டர்_நெட்_சிஸ்கன்ட்ரோல். இந்தத் திருப்புற வேலைய நிறைய பேர் மறந்துடுவாங்க, அப்போ ஒரு கன்டெய்னர் எழுதினது மொத்த மெஷினையும் மாத்திரும். இப்போ இருக்கிற கெர்னல் இதக் கண்டுபிடிச்சு, குளோபல் டேட்டாவக் காட்டுதுன்னு வார்னிங் போட்டு அந்த என்ட்ரிய ரீட்-ஒன்லி ஆக்கிருது, நல்ல காரியம். அப்புறம் டேபிள்ல எக்ஸ்ட்ரா1, எக்ஸ்ட்ரா2ல கீழ் லிமிட்டும் மேல் லிமிட்டும் வைங்க, அந்த நேம்ஸ்பேஸோட நெட்_அட்மின் உரிமை இருக்கிற கன்டெய்னர் ரூட் இதுல எழுத முடியும், அவர் என்ன நம்பர் போடுவார்னு யாருக்குத் தெரியும்.

புது நேம்ஸ்பேஸ் எந்த மதிப்போட பிறக்கணும்ங்கறதுல கெர்னலுக்குள்ளயே ஒத்துமை இல்ல. ஐபிவி4 டிவைஸ் செட்டிங் இனிட்_நெட்ல இப்போ இருக்கிறத எடுத்துக்கும், ஐபிவி6 டிஃபால்டுக்குப் போயிரும், இத மாத்துறதுக்குன்னே டெவ்கான்ஃப்_இன்ஹெரிட்_இனிட்_நெட்னு தனியா ஒண்ணு வச்சிருக்காங்க. உங்க கேஸ்ல நான்னா பேராமீட்டர் மதிப்புதான் எடுப்பேன், அதோட பர்மிஷன 0444 (படிக்க மட்டும்) ஆக்கிருவேன், 0644னு (ரூட் எழுதலாம்) விட்டா யாராவது ஓடும்போது மாத்திட்டு, பழைய கன்டெய்னர்ல ஏன் மாறலன்னு உங்களுக்கு பக் ரிப்போர்ட் போடுவாங்க.