படகும் எஞ்சினும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது 23 அடி பைபர் படகு, 40 ஹெச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின். வெறும் படகு பறக்கிறது. வலையும் ஐஸ் பெட்டியும் நாலு ஆளும் ஏறிவிட்டால் தண்ணீரை உழுதுகொண்டுதான் போகிறது. இப்போது 13 பிட்ச் புரொப்பெல்லர் இருக்கிறது. 15 போட்டால் வேகம் கூடும் என்கிறார்கள். மாற்றலாமா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: மாற்றாதீர்கள். 15 போட்டால் இருக்கிற வேகமும் போய்விடும். தண்ணீரில் வழுக்கலே (முன்னே போகாமல் வீணாகச் சுற்றுவது) இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் எத்தனை அங்குலம் முன்னே போகுமோ, அதுதான் பிட்ச். அது கூடக்கூட எஞ்சினுக்குச் சுமை ஏறும். பாரம் ஏற்றிய லாரியை மேட்டில் நாலாவது கியரில் ஏற்றுகிற கதைதான். உங்களுக்கு வேண்டியது அநேகமாகப் 11 பிட்ச். ஆனால் அதையும் அளந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்.

ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றிக் கட்டுகிற சிறிய ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மீட்டர் ஒன்று போதும். வழக்கமான பாரத்தோடு, அலை குறைந்த நேரத்தில், முழு திராட்டிலில் ஓட்டுங்கள். நீரோட்டத்தோடு ஒரு தடவை, எதிர்த்து ஒரு தடவை. முழு திராட்டிலில் எஞ்சின் எந்த வரம்புக்குள் சுற்ற வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். இந்த வகையில் பல எஞ்சின்களுக்கு 4500 முதல் 5500 வரை. பாரத்தோடு 4200தான் காட்டுகிறது என்றால் எஞ்சின் திணறுகிறது. அப்படியே நாள் முழுக்க ஓட்டினால் எண்ணெய் செலவு ஏறும், கரி படியும், பிஸ்டனும் சூடேறும்.

பிட்ச் 1 அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். ஆக 13-லிருந்து 11-க்கு இறங்கினால் 4500-ஐத் தொட்டுவிடும். பிறகு வெறும் படகையும் ஓட்டிப் பாருங்கள். அப்போது 5500-ஐத் தாண்டினால் 12 போதும். புரொப்பெல்லரில் பொறித்திருக்கும் இரண்டு எண்களில் முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச்.

வழுக்கல் எவ்வளவு என்று ஜிபிஎஸ் வைத்தே கண்டுபிடிக்கலாம். ஆர்பிஎம்மைப் பிட்சால் பெருக்குங்கள். கியர் விகிதத்தை 1215-ஆல் பெருக்கி, வந்ததால் வகுங்கள். கிடைப்பது, வழுக்கலே இல்லாவிட்டால் படகு போக வேண்டிய வேகம், நாட் (மணிக்கு எத்தனை கடல் மைல்) கணக்கில். 4600 ஆர்பிஎம், 11 பிட்ச், கியர் 2:1 என்றால் 20.8 நாட். ஜிபிஎஸ் 16 காட்டினால் வழுக்கல் 23 சதவீதம். பாரம் ஏற்றிய படகுக்கு அது தப்பில்லை. 11 நாட்தான் காட்டுகிறது என்றால் கோளாறு பிட்சில் இல்லை. அடுத்த பதிலைப் படியுங்கள்.

காசை எடுப்பதற்கு முன் படகைக் கரையேற்றி அடிப்பக்கம் பாருங்கள். சிப்பியும் பாசியும் அப்பியிருந்தால் எந்தப் புரொப்பெல்லரும் உதவாது. பழைய பைபர் படகில் விரிசல் வழியே உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்து, தெரியாமலே கனம் ஏறியிருக்கும். பலர் எஞ்சினைத் திட்டுவது இதனால்தான்.

கேள்வி: திருப்பும்போது எஞ்சின் அலறுகிறது, படகு நின்றுவிடுகிறது. ஏன்? (வாசகர், பாம்பன்)

பதில்: புரொப்பெல்லர் மேலிருந்து காற்றை இழுக்கிறது. புரொப்பெல்லருக்கு மேலே கிடைமட்டமாக இருக்கும் தகடு, படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ 25 மில்லிமீட்டர் வரை கீழேயோ இருக்க வேண்டும். ஒரு நீளமான பலகையைப் படகின் அடியில் வைத்துப் பின்னால் நீட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். தகடு மேலே நின்றால் எஞ்சினை இறக்குங்கள். பின்பலகை 20 அங்குல உயரமாக இருந்து, 15 அங்குல ஷார்ட் ஷாஃப்ட் எஞ்சின் மாட்டியிருந்தால் எவ்வளவு இறக்கினாலும் சரிப்படாது; பின்பலகையைத்தான் வெட்ட வேண்டும், அல்லது லாங் ஷாஃப்ட் வேண்டும்.

நேராகப் போகும்போதும் அலறினால் புரொப்பெல்லருக்குள் இருக்கும் ரப்பர் புஷ் மீது சந்தேகப்படுங்கள். உள் குழாயிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளிக்கூடு வரை பெயின்டால் ஒரே கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வரும்போது கோடு பிசகியிருந்தால் புஷ் வழுக்குகிறது. கரைக்கு வரும் வரை மெதுவாக ஓட்டினால் தாங்கும்.

கேள்வி: ஓடும்போது அணியம் (படகின் முன்பக்கம்) தவளை மாதிரி குதிக்கிறது. (வாசகர், தொண்டி)

பதில்: எஞ்சின் சாய்வை நிறுத்தும் பின்னை (குறுக்குக் கம்பியை) ஒரு துளை பின்பலகைப் பக்கம் மாற்றுங்கள். ஐஸ் பெட்டி கடையாலில் (படகின் பின்பக்கம்) இருந்தால் நடுவுக்கு நகர்த்துங்கள். அதற்கு மேல் பின்னை உள்ளே தள்ளினால் அணியம் அமுங்கி, சுக்கான் பிடி கனக்கும்.

கேள்வி: கியர் ஆயில் மோர் நிறத்தில் வருகிறது. (வாசகர், குளச்சல்)

பதில்: தண்ணீர் புகுந்துவிட்டது. புரொப்பெல்லரைக் கழற்றுங்கள்; பின்னால் தூண்டில் நரம்போ வலை நூலோ சுற்றி ஆயில் சீலை (தண்ணீர் புகாமல் அடைக்கும் வளையத்தை) அறுத்திருக்கும். சீலை மாற்றி, புது ஆயிலைக் கீழ்த் துளை வழியே மேல் துளையில் வழியும் வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொண்டு பாதிதான் நிறையும். இரண்டு திருகுகளின் வாஷரும் புதிதாக இருக்கட்டும்.