குன்றின் மேலா, கடலின் ஓரமா?

கேள்வி: ஜூன் மாதம் லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குச் செல்கிறேன். இங்கிலாந்தின் தென்கடற்கரையில், சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை, ‘ஏழு சகோதரிகள்’ எனப்படும் வெள்ளைக் குன்றுகளை ஒட்டி ஒரு நாள் நடப்பதாகத் திட்டம். குன்றின் மேலே போகலாம் என்கிறாள் மகள். ஏறி இறங்கும் சிரமம் வேண்டாம், கீழே கடலோரமாகச் சமதரையில் போகலாம் என்கிறார் மருமகன். எனக்கு வயது 61. முழங்கால் வலி சிறிது உண்டு. எது நல்லது?
- வாசகி, திருச்சி

பதில்: மேல்வழியே செல்லுங்கள் அம்மா. மருமகன் உங்கள் முழங்காலை நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால், வரைபடத்தில் சமதரையாகத் தெரியும் அந்தக் கரை மெரினாவைப் போன்ற மணற்பரப்பு அன்று. சீமைச் சுண்ணாம்புக் குன்று இடிந்து விழ விழ, அதனுள் பதிந்திருந்த சிக்கிமுக்கிக் கற்களைக் கடல் உருட்டிக் குவித்த கூழாங்கல் கரை அது. ஒவ்வோர் அடிக்கும் கற்கள் சரிந்து பாதத்தைப் பின்னுக்கு இழுக்கும். நீர் வற்றும்போது வெளிப்படும் பாறைத்தளமோ பாசி படிந்து வழுக்கும். வலி உள்ள முழங்காலுக்கு மேட்டை விட இது கொடுமை.

இதைவிடப் பெரிய காரணம் கடலின் ஏற்றவற்றம். சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவுதான் என்பதால், கடற்கரைக்குப் போகுமுன் நேரம் பார்க்கும் வழக்கம் நமக்கு இல்லை. அங்கே, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் சுமார் 6 மீட்டர் ஏறி இறங்கும். ஏறும்போது நீர் குன்றின் அடிவரை வந்துவிடும்; ஏழு குன்றுகளின் மேற்கு முனையிலுள்ள கக்மியர் ஆற்று முகத்துக்கும் கிழக்கு முனையிலுள்ள பர்லிங் கேப்புக்கும் இடையே, ஏறக்குறைய 4 கிலோமீட்டருக்கு, மேலே ஏற வழியே கிடையாது. போதாக்குறைக்கு, குன்றிலிருந்து பாறைகள் எந்த முன்னறிவிப்பும் இன்றிப் பெயர்ந்து விழும்.

அதற்காக மேல்வழி எளிது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு சகோதரியையும் ஏறி, பள்ளத்தில் இறங்கி, மீண்டும் ஏற வேண்டும். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான் என்பதால் கைத்தடி அவசியம். மொத்தத் தொலைவு 20 கிலோமீட்டருக்கும் மேல். அத்தனையையும் நீங்கள் நடந்தே தீர வேண்டும் என்பதில்லை. சீஃபோர்டில் ரயிலை விட்டு இறங்கி, சீஃபோர்டு ஹெட் குன்றில் ஏறி, மறுபுறம் கடலோரக் காவலர் குடில்கள் வரை நடந்துவிடுங்கள். ஏழு குன்றுகளும் வரிசையாக, வெள்ளைத் திரையைத் தொங்கவிட்டதுபோல் தெரியும் இடம் அதுதான். சகோதரிகளின் முதுகில் நடப்பவர்களுக்கு அவர்களின் முகம் தெரியாது. அங்கிருந்து, ஆற்றைக் குறுக்கே கடக்க முயலாமல், உள்நோக்கி நடந்து எக்ஸீட் பாலத்துக்கு வாருங்கள். இதுவரை சுமார் 6 கிலோமீட்டர். ஈஸ்ட்போர்ன் செல்லும் 12ஆம் எண் பேருந்து பாலத்தருகே நிற்கும். முழங்கால் மறுத்தால் அதில் ஏறிவிடலாம். ஒத்துழைத்தால், ஏழு குன்றுகளையும் கடந்து பர்லிங் கேப் வரை நடந்து, உள்ளே இருக்கும் ஈஸ்ட் டீன் ஊரில் அதே பேருந்தைப் பிடிக்கலாம். பீச்சி ஹெட் குன்று வழியாக ஈஸ்ட்போர்ன் வரையுள்ள மிச்சத்தை இளையவர்கள் நடக்கட்டும். மேற்கிலிருந்து கிழக்கே நடப்பதால், அங்கு வழக்கமாக வீசும் தென்மேற்குக் காற்றும் பெரும்பாலும் முதுகுப்புறம்தான் இருக்கும்.

குன்றின் விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டராவது தள்ளியே நடங்கள். பச்சைப் புல் பரந்திருக்கும் இடத்தின் அடியில் மண் அரித்துப் போய் வெறும் வெற்றிடமாக இருக்கலாம். பர்லிங் கேப்புக்கும் பீச்சி ஹெட்டுக்கும் நடுவே உள்ள பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கத்தை, குன்று அரித்துக்கொண்டே வந்ததால், 1999-இல் கட்டடத்தோடு 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள். அப்படிப்பட்ட விளிம்பில் நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

மருமகனின் ஆசையையும் கெடுக்க வேண்டாம். பர்லிங் கேப்பில் கடற்கரைக்கு இறங்கும் படிக்கட்டு இருக்கிறது. அது சில காலம் மூடியிருப்பதும் உண்டு என்பதால் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றும் நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தால், அவர் கேட்ட கடலோரம் அரை மணி நேரத்துக்குக் கிடைக்கும். குன்றின் நேர் அடியில் மட்டும் உட்கார வேண்டாம்.