அரிய இனக் கோழி வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொல்லைப்புறத்தில் வளரும் எங்கள் சாதாரணக் கோழிகளோடு, தலையில் பெரிய குடுமியுள்ள போலிஷ் இனக் கோழிகள் இரண்டைச் சேர்த்து விட்டோம். மற்றவை அவற்றின் குடுமியைப் பிடுங்குவதால் ஒன்றின் தலையில் இரத்தம் கசிகிறது. நாளடைவில் பழகிவிடுமா?

பதில்: பழகாது, காயம்பட்டதை இன்றே தனியாக வையுங்கள். இரத்தத்தின் சிவப்பைக் கண்டால், அதுவரை சும்மா இருந்த கோழிகளும் கொத்தத் தொடங்கும். குடுமி கண்ணை மறைப்பதால், பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் வருவதை இந்த இனத்தால் சரியாகப் பார்க்க முடிவதில்லை. எதிரி நெருங்குவதை அறியாத கோழி விலகி ஓடாது. ஓடாத கோழியையே மற்றவை திரும்பத் திரும்பத் தாக்கும். மேலும், குடுமிக்கு அடியில் மண்டையோடு குமிழ்போல் புடைத்திருக்கும். பல கோழிகளுக்கு அவ்விடத்தில் எலும்பு முழுமையாக மூடியிருக்காது என்பதால், ஓங்கி விழும் ஒரு கொத்து மூளையையே பாதிக்கக்கூடும்.

காயம் ஆறியபின், கண்ணை மறைக்கும் இறகுகளை மட்டும் கத்தரித்து விடுங்கள். அடித்தண்டு கருநீலமாகத் தெரியும் இளம் இறகுகளில் இரத்த ஓட்டம் உண்டு. அவற்றை வெட்டினால் இரத்தம் பெருகும், ஆகவே தொட வேண்டாம். அகன்ற தட்டில் தண்ணீர் வைத்தால் குடுமி நனைந்து அழுக்கேறும் என்பதால், வாய் குறுகிய தண்ணீர்க் கலமே ஏற்றது. குடுமியின் அடியைப் பிரித்துப் பார்த்து, பேன் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை சோதியுங்கள். குடுமிக் கோழிகளைத் தம்மினத்தோடோ, சில்கி போன்ற சாதுவான இனத்தோடோ மட்டும் வளர்ப்பதே அவற்றுக்கு நாம் செய்யும் நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: சில்கி கோழிகள் மழையில் நனையலாமா?

பதில்: கூடாது. மற்றக் கோழிகளின் இறகிழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் தண்ணீர் வழிந்தோடிவிடும். சில்கியின் இறகில் அந்தக் கொக்கிகள் சரியாக அமையாததால் தோல்வரை நனைந்து, உடல் விரைவில் குளிர்ந்துவிடும். பறக்கவும் இயலாத இக்கோழிக்கு உயரமான உட்காரும் கம்பு பயன்படாது. உலர்ந்த தரையும் தாழ்வான கம்பும் போதும். மேரெக்ஸ் என்னும் வைரஸ் நோய் இந்த இனத்தை எளிதில் தாக்குவதாலும், அதற்கான தடுப்பூசியைப் பொரித்த முதல் நாளிலேயே போட வேண்டியிருப்பதாலும், குஞ்சு வாங்கும்போதே அதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இறகு சுருண்ட ஃபிரிசில் சேவலையும் ஃபிரிசில் பெட்டையையும் இணைத்தால் எல்லாக் குஞ்சுகளும் சுருள் இறகோடு பிறக்குமா?

பதில்: பிறக்காது, அப்படி இணைப்பதும் தவறு. இறகைச் சுருட்டும் மரபணு ஒருபக்கமிருந்து மட்டும் வந்தால் அழகான சுருள் கிடைக்கும்; தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் இறகு பொடிந்து உதிர்ந்து, கோழி வெற்றுத்தோலோடு குளிரில் நடுங்கும். நீங்கள் கேட்கும் இணையில் சராசரியாக நான்கில் ஒரு குஞ்சுக்கு இந்தக் கதி நேரும். சுருள் சேவலைச் சாதாரண இறகுள்ள பெட்டையோடு விட்டால், பாதிக் குஞ்சுகள் சுருளாகவும் மீதி சாதாரணமாகவும் பிறக்கும். துன்பப்படும் குஞ்சு ஒன்றுகூட இராது. ஜப்பானிய சாபோ இனக் கோழியின் குட்டைக் காலும், அராவ்கானா இனக் கோழியின் காதோர இறகுக்கொத்தும் இதைவிடக் கடுமையானவை. அவற்றை உண்டாக்கும் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து இரட்டையாகச் சேர்ந்த கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். அந்த முட்டைகளைக் கூமுட்டை என்று எண்ணிச் சேவலைக் குறை சொல்ல வேண்டாம்.

கேள்வி: நீல முட்டையிடும் அராவ்கானாவைப் பல இனங்களோடு ஒன்றாக வளர்த்துவந்தோம். இப்போது தூய இனக் குஞ்சுகள் வேண்டும். சேவலை மாற்றினால் போதுமா?

பதில்: உடனே போதாது. பெட்டை தன் உடலில் சேவலின் விந்தணுவை 2 முதல் 3 வாரம்வரை சேமித்து வைத்திருக்கும். ஆகவே அதைத் தன்னினச் சேவலோடு தனியாக அடைத்து, முழுதாக 4 வாரம் கழிந்தபின் இடும் முட்டைகளையே அடைக்கு வையுங்கள். ஒரே சேவலின் வழியை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் குஞ்சு பொரிப்பது குறைந்துகொண்டே வரும் என்பதால், உறவில்லாத இன்னொரு சேவலும் தேவை. பத்து இனங்களில் ஒவ்வோர் இணை வைத்திருப்பவரைவிட, ஒரே இனத்தில் பல கோழிகள் வைத்திருப்பவரே அருகிவரும் இனத்துக்கு உண்மையில் உதவுகிறார்.

முட்டை நீலமாக இருப்பதைத் தூய்மைக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். நீலத்துக்கான மரபணு ஓங்குதன்மை உடையது, அதாவது தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும். கலப்பினப் பெட்டையும் நீல முட்டையிடும். ஓட்டை உடைத்துப் பார்த்தால் உட்புறமும் நீலமாகவே இருக்கும். பழுப்பு நிறமோ ஓட்டின் மேற்பரப்பிலேயே படிவது. பழுப்பு முட்டையிடும் இனத்தின் கலப்பு இருந்தால் அது நீலத்தின்மேல் படிந்து முட்டை பச்சையாகத் தெரியும். பச்சை முட்டையிடும் பெட்டைகளின் காலில் தனி நிற வளையம் மாட்டி, அவற்றை இனவிருத்தியிலிருந்து விலக்கி வையுங்கள்.