வேலிக்கல்லில் உரசும் குட்டியும் அமெரிக்க மானும்

களக்காட்டுப் பக்கம் செவ்வாடு வளர்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கிடாக்குட்டி ஒன்று வேலிக்கல்லில் ஓயாமல் உரசுது. மெலிஞ்சு போச்சு, நடையும் தள்ளாடுது. மலையடிவாரத்தில் புள்ளிமான் மேயும் இடத்தில்தான் நாங்களும் மேய்க்கிறோம். அமெரிக்காவில் ஜாம்பி மான் என்று ஒரு வீடியோ வந்தது. அதுதானா இது? ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியுமா? மந்தையை விற்றுவிடவா?"

விற்காதீர்கள் அண்ணாச்சி. நீங்கள் அனுப்பிய படத்தில் குட்டிக்கு எல்லாமே பால் பல். இன்னும் பல் போடவில்லை என்றால் ஒரு வயதை ஒட்டித்தான் இருக்கும். பிரியான் என்கிற தப்பாக மடிந்த புரதத்தால் ஆடுகளுக்கு வந்து, அவற்றை இப்படி உரசவைக்கும் ஸ்க்ரேபி நோய் பெரும்பாலும் 2 முதல் 5 வயதில்தான் வெளியே தெரியும். இந்தியாவில் அது 1961-லேயே இமயமலை அடிவாரத்துச் செம்மறிகளில் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் உங்கள் குட்டிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது சொறியைத்தான். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பூச்சி தெரிந்துவிடும்.

தள்ளாட்டம் வேறு கதை. நாயின் நாடாப்புழுவால் ஆட்டு மூளையில் நீர்க்கட்டி வரும். வெறிநோயாகவும் இருக்கலாம். படத்தில் வெறுங்கையால் வாயைப் பிளந்து பிடித்திருக்கிறீர்கள், அதைப் பார்த்துத்தான் எனக்குத் திக்கென்றது. எச்சில் பட்ட கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, இன்றே அரசு மருத்துவமனையில் விஷயத்தைச் சொல்லி ஊசி வேண்டுமா என்று கேளுங்கள்.

மான் விஷயத்துக்கு வருவோம். வீடியோவில் பார்த்த அந்த 'ஜாம்பி மான்' நோயும் ஒரு பிரியான் நோய்தான். அது 1967-ல் அமெரிக்காவின் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் தென்பட்டது. பிறகு கனடா, தென்கொரியா, நார்வே என்று போனது. இயற்கையாக அது பிடித்திருப்பது மான் இனத்தை மட்டுமே. நம் புள்ளிமானிலோ மிளாவிலோ பதிவானதில்லை.

ரத்தம் எடுத்துச் சொல்லும் வழக்கமான சோதனை இதற்குக் கிடையாது. பிரியான் என்பது கிருமி அல்ல, உடம்பின் சொந்தப் புரதமே தப்பாக மடிந்துகொண்டது. அந்நியன் வந்ததாக உடம்புக்குத் தெரியாததால் எதிர்ப்பொருளும் உண்டாகாது. அதனால் செத்த பிறகு மூளை தண்டுவடத்தோடு சேரும் இடத்தில் ஒரு துண்டு எடுத்துத்தான் உறுதி செய்கிறார்கள். தலையை உடைக்க வேண்டியதில்லை, மண்டையின் பின்துளை வழியாக நீளக் கரண்டி விட்டே எடுத்துவிடலாம்.

உயிரோடு இருக்கும்போதே கண்டுபிடிக்க ஆர்டி-குயிக் என்று ஒரு சோதனை வந்திருக்கிறது. நம்மூரில் பதநீர்ப் பாகில் நூலைத் தொங்கவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு பனங்கற்கண்டு விளையும் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான். நல்ல புரதக் கரைசலில் மானின் மலக்குடல் ஓரத்துச் சதையிலிருந்து எடுத்த சாற்றில் ஒரு துளி விட்டுக் குலுக்குவார்கள். கெட்ட மடிப்பு இருந்தால் நல்லதையும் தன்போல் மடித்துக்கொண்டே போகும், கூடவே போட்ட சாயம் ஒளிரும். நோய்க்குறி தெரியுமுன்பே பல மான்களில் இப்படிப் பிடித்திருக்கிறார்கள்.

மருந்தும் இல்லை, நடைமுறைக்கு வந்த தடுப்பூசியும் இல்லை. கொதிக்க வைத்தாலும் பிரியான் சாகாது. ஐஸ்லாந்தில் ஆடுகளைக் கொன்று பட்டியைக் காலியாக்கிய பண்ணையில், 16 வருஷம் கழித்தும் புது ஆடுகளுக்கு ஸ்க்ரேபி வந்தது. அதனால்தான் ஐரோப்பாவில் ஸ்க்ரேபி எளிதில் அண்டாத ஏஆர்ஆர் என்ற மரபணு வகை உள்ள கிடாக்களைப் பொறுக்கி இனவிருத்தி செய்கிறார்கள். எனக்குக் கேட்டால் இதுவரை வந்த வழிகளில் உருப்படியானது இதுதான். பிரிட்டனில் 1986-ல் கண்டறிந்த, இதே பிரியான் வகையான மாட்டு மூளை நோய் பரவியதற்குக் காரணம் தீவனத்தில் கலந்த இறைச்சி-எலும்புத் தூள். ஆகவே தென்னைக்கு வாங்கிய எலும்புத் தூளை ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், தாது உப்புக் கட்டி போதும்.

குட்டியைத் தனியாகக் கட்டுங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போகலாம், வண்டியில் ஏற்றும்போது கையுறை இருக்கட்டும். நடுவில் செத்துப்போனால் தலையை வெட்டாதீர்கள், நாய்க்கும் எறியாதீர்கள். டாக்டருக்குச் சொல்லி, அவர் வரும்வரை நாய் அண்டாமல் மூடி வையுங்கள்.