சிட்டா இருப்பவரும் இல்லாதவரும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். அப்பா பல வருடங்களாகக் கூட்டுறவுச் சங்க உறுப்பினர். "இப்ப யாருப்பா ஏழை? ரேஷன் அரிசி சும்மா, நூறு நாள் வேலை, மாசம் ஆயிரம். நடவுக்குத்தான் ஆள் கிடைக்கல" என்கிறார். சங்கத்தில் எல்லோரும் இதையேதான் பேசுகிறார்கள். டெல்டாவில் வறுமை உண்மையிலேயே போய்விட்டதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பசி பெருமளவு போய்விட்டது. அதில் உங்கள் அப்பா சொல்வது சரி. 2011 முதல் ரேஷன் அரிசிக்குக் காசு இல்லை. அது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் அவரும் கஷ்டத்தில்தான் இருக்கிறார், அதை வறுமை என்று சொல்லிக்கொள்ள மனம் வருவதில்லை. கடன் கெடு முடிகிற நாட்களில் சங்கத்துக்குப் போய்ப் பாருங்கள். மஞ்சள் பையில் பணத்தோடு வருவார்கள். பெரும்பாலும் அது கந்துவட்டிப் பணம். அதைக் கட்டி, சில நாளில் புதுக் கடன் வாங்கி, வட்டிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சங்கத்துப் பேரேட்டில் அவர் கெடுவுக்குள் ஒழுங்காகக் கட்டியவர், அதனால் வட்டியே இல்லை. வட்டி வேறு வாசலில் போய்விட்டது.

இப்படிக் கட்டியவரைத்தான் தள்ளுபடி நோகடித்தது. 2021இல் தமிழ்நாடு அரசு செய்த தள்ளுபடி அந்த ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த பயிர்க்கடனுக்குத்தான். நகையை விற்று முன்பே கட்டியவருக்கு ஒன்றும் இல்லை, கட்டாத பக்கத்து வயல்காரருக்கு முழுக்கடனும் போனது. அந்த ஆற்றாமைதான் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் மேல் கோபமாக இறங்குகிறது என்று நினைக்கிறேன். அது அநியாயம். அறுவடை மெஷினுக்குப் போய் வெகுகாலமாகிறது, நடவுக்கும் மெஷின் வந்துவிட்டது. சம்பா அறுப்பு முடிந்து ஜூனில் மேட்டூர் திறக்கும்வரை வயலில் அவர்களுக்கு என்ன வேலை இருக்கிறது? 2006இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை முதலில் வந்த ஆறு மாவட்டங்களில் டெல்டாவின் நாகப்பட்டினமும் ஒன்று என்பதை மறந்துவிடக் கூடாது.

சங்கத்துப் பேச்சில் வராத ஆட்கள் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள். கோயில் நிலத்தையும் வெளியூர்க்காரர் நிலத்தையும் வாய்ப்பேச்சில் குத்தகைக்குச் செய்பவர்கள். பயிர்க்கடனுக்கு நிலம் யார் பேரில் என்று காட்டும் சிட்டாவும், அதில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் வேண்டும். எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று உரிமையாளருக்குப் பயம், அதனால் எழுத மாட்டார். கொள்முதல் நிலையத்திலும் அதே காகிதம், அது இல்லாததால் நெல் வியாபாரியிடம் போகிறது. பிரதமரின் 6,000 ரூபாய் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் கணக்குக்கு வரும், சென்னையில் ஃபிளாட்டில் இருந்தாலும். சேற்றில் நிற்பவருக்கு வராது. பயிர் அழிந்தால் நிவாரணத்துக்கும் இதே இழுபறிதான். விவசாயிக்கான திட்டங்கள் நிலத்தைத்தான் பார்க்கின்றன, உழுகிறவரைப் பார்ப்பதில்லை.

தள்ளுபடியை நான் எதிர்க்கவில்லை, வெள்ளம் வந்த வருடம் அது இல்லாவிட்டால் பலர் நிலத்தை விற்றிருப்பார்கள். ஆனால் அது கடன் கிடைத்தவருக்கு மட்டுமே உதவும். கடனே கிடைக்காதவருக்குத் தள்ளுபடி செய்ய என்ன இருக்கிறது?

நிலம் இல்லாதவர்கள் சேர்ந்து, ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சங்கத்தில் கடன் வாங்க வழி இருக்கிறது. சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் அப்பாவை எழுந்து ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: நம் ஊர்க் குத்தகைக்காரர்களில் எத்தனை பேருக்கு அப்படிக் கொடுத்திருக்கிறோம்? மூத்த உறுப்பினர் கேட்டால் செயலாளர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்புடன்